குடல் புற்றுநோய்ப் பரிசோதனை: 120 என்ற எண்ணுக்குப் பின்னால் இருப்பது என்ன?

எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு அண்ணன் கடை வைத்திருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், வயது 61, லண்டனுக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் மதுரைக்காரன், வந்து ஒன்பது வருஷம். முருங்கைக்காய் வாங்கப் போய் ஆரம்பித்த பழக்கம். கவுன்சில், வரி, ஆஸ்பத்திரி என்று எங்கிருந்தாவது நீளமாக ஒரு கடிதம் வந்தால் எடுத்து வைத்திருந்து என்னிடம் நீட்டுவார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாமல் இல்லை. "அவங்கட இங்கிலீஷ் வேற, தம்பி" என்பார்.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை அப்படி நீட்டியது குடல் புற்றுநோய்ப் பரிசோதனைக் கடிதம். தபாலில் வந்த டப்பாவில் மலத்தில் ஒரு துளி எடுத்துத் திருப்பி அனுப்பியிருந்தார். அதற்கான பதில். ஒரு கையில் கூடையை வைத்துக்கொண்டு முதல் பத்தியைப் பார்த்தேன். இப்போதைக்கு மேற்கொண்டு பரிசோதனை எதுவும் தேவையில்லை என்று இருந்தது. "ஒண்ணும் இல்லண்ணே, கிளியர்" என்றேன். "ஒண்டும் இல்லையோ? நல்லது" என்று லாட்டரி மெஷினுக்குக் கீழே இருந்த இழுப்பறையில் போட்டார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

அந்தக் கடிதத்தில் அதற்குக் கீழேயும் விஷயம் இருந்தது. இந்தப் பரிசோதனை எல்லாப் புற்றுநோயையும் பிடிக்காது, ரத்தம் போனாலோ மலம் போகிற வழக்கம் மாறினாலோ ஜிபி-யைப் பாருங்கள் என்று. நான் அதுவரை போகவில்லை. அவருக்கு அப்போதே ரெண்டு மூணு மாதமாக அவ்வப்போது ரத்தம் போய்க்கொண்டிருந்தது. என்னிடம் சொல்லவில்லை. மூலம் என்று அவரே முடிவு செய்து, கறிக்கு உறைப்பைக் குறைத்திருந்தார்.

ஏழு மாதம் கழித்து, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று ஜிபி-யிடம் போனார். ரத்தத்தில் இரும்புச்சத்து குறைவு. ஜிபி மறுபடியும் அதே மலப் பரிசோதனையைச் செய்யச் சொன்னார். இந்தத் தடவை எண்ணையும் சொன்னார்கள்: 96. உடனே அவசரப் பரிந்துரை, கொலோனோஸ்கோப்பி, பெருங்குடலின் இடது பக்கம் கட்டி. ஆபரேஷன் நடந்துவிட்டது. நிணநீர் முடிச்சுகளிலும் பரவியிருந்ததால் இப்போது கீமோ. மருந்து ஏற்றிய வாரம் ஃப்ரீசரைத் தொட்டால் விரல் நுனியில் கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கிறதாம். மீன் பெட்டி எடுத்துக் கொடுக்க ஒரு பையனை வைத்திருக்கிறார்.

இதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்கோ. பேரைப் போடாதேங்கோ, கடைக்குச் சனம் வராது" என்றார்.

நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அந்த 96. இங்கிலாந்தில் தபாலில் வரும் பொதுப் பரிசோதனைக்கு இத்தனை வருஷமாக எல்லைக்கோடு 120. ஒரு கிராம் மலத்தில் 120 மைக்ரோகிராம் ஹீமோகுளோபின் இருந்தால்தான் கொலோனோஸ்கோப்பிக்குக் கூப்பிடுவார்கள். அதாவது, கட்டி இருந்து, இரும்புச்சத்து இறங்கி, மூச்சு வாங்கிய அந்த மனிதரின் 96, பொதுப் பரிசோதனை டப்பாவில் வந்திருந்தால் அவருக்கு மறுபடியும் அதே "தேவையில்லை" கடிதம்தான் போயிருக்கும். ஸ்காட்லாந்தில் எல்லைக்கோடு 80. அங்கே இருந்திருந்தால் கூப்பிட்டிருப்பார்கள். அறிகுறி இருந்து ஜிபி மூலமாகப் போனால் எல்லைக்கோடு வெறும் 10. ஒரே ஆள், ஒரே எண், எந்த வழியாக, எந்த ஊரில் போகிறது என்பதைப் பொறுத்து வேறு வேறு பதில். முதல் தடவை அவருக்கு என்ன எண் வந்தது என்பது எங்களுக்குத் தெரியாது. பொதுப் பரிசோதனைக் கடிதத்தில் எண்ணைப் போடுவதில்லை.

இந்த 120-ஐப் படிப்படியாக 80-க்கு இறக்கப்போவதாக இங்கிலாந்து அண்மையில் அறிவித்திருக்கிறது. நம் வாட்ஸ்அப் குழுக்களில் அந்தச் செய்தி ஒரு பூங்கொத்து எமோஜியோடு கடந்து போனது. அதில் நாம் நின்று பார்க்க வேண்டிய விஷயம் இருக்கிறது.

நான் வேலை பார்ப்பது சர்வர்களைக் கண்காணிக்கும் குழுவில். எந்த அளவைத் தாண்டினால் அலர்ட் அடிக்க வேண்டும் என்று எண் வைப்பதுதான் என் சாப்பாடு. எண்ணைத் தாழ வைத்தால் ராத்திரி முழுக்க போன் அடிக்கும், பத்தில் ஒன்பது சும்மா. உயர வைத்தால் நிம்மதியாகத் தூங்கலாம், ஒரு நாள் எல்லாம் விழுந்து கிடக்கும்போதுதான் எழுந்திருப்போம். சரியான எண் என்று ஒன்று இயற்கையில் கிடையாது. எழுந்து பார்க்க எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதுதான் எண்ணைத் தீர்மானிக்கும். குழுவில் ரெண்டு பேர் வேலையை விட்டால் மேனேஜர் அலர்ட் எண்ணை உயர்த்தச் சொல்வார். சர்வர் மாறியிருக்காது.

120-ம் அப்படித்தான். 119-ல் குடல் சுகமாக இருந்து 120-ல் நோயாகிவிடுவதில்லை. எத்தனை எண்டோஸ்கோப்பி அறைகள், எத்தனை டாக்டர்கள், எத்தனை ஸ்பெஷலிஸ்ட் நர்ஸ்கள், எத்தனை பேருக்கு ஒரு வாரத்தில் பார்க்க முடியும் என்று கணக்குப் போட்டு, அதற்குத் தகுந்தாற்போல் வைத்த எண். இப்போதைய எல்லைக்கோட்டில் டப்பாவை அனுப்புகிறவர்களில் 100-க்குச் சுமார் 2 பேரைத்தான் மேல் பரிசோதனைக்குக் கூப்பிடுகிறார்கள்.

இதை வெளிப்படையாகச் செய்து காட்டியது நெதர்லாந்து. 2014-ல் அங்கே திட்டத்தைத் தொடங்கியபோது எல்லைக்கோடு 15. எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் டப்பாவை அனுப்பினார்கள், அதிகம் பேருக்கு எண் தாண்டியது, கொலோனோஸ்கோப்பி வரிசை நிரம்பி வழிந்தது. அதே வருஷ நடுவில் எண்ணை 47-க்கு உயர்த்தினார்கள். மூன்று மடங்கு. டச்சுக்காரர்களின் குடல் அந்த ஆறு மாதத்தில் மாறவில்லை, மாறியது வரிசையின் நீளம். குறை சொல்லவில்லை, என் வேலையில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் 47-க்கு உயர்த்திய பிறகும் அது இங்கிலாந்தின் எண்ணில் பாதிகூட இல்லை என்பதையும் பாருங்கள்.

கொலோனோஸ்கோப்பிக்கு ஏன் இவ்வளவு கிராக்கி என்றால், அது வெறும் பரிசோதனை இல்லை. எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் பார்த்துச் சொல்லும், அதோடு சரி. இது பார்க்கும்போதே சரியும் செய்யும். குடல் சுவரில் காளான் மாதிரி முளைக்கும் பாலிப்பை, குழாய் வழியாகவே ஒரு கம்பிச் சுருக்கை விட்டு மாட்டி இழுத்து வெட்டி எடுத்துவிடலாம். ஒரு பாலிப் புற்றுநோயாக மாறப் பொதுவாகப் பத்து வருஷம் போல ஆகும், எல்லாம் மாறுவதும் இல்லை. அந்தப் பத்து வருஷத்துக்குள் எப்போது வெட்டினாலும் அந்த இடத்தில் அந்த நோய் வராது. நியூயார்க்கில் வுல்ஃப், ஷின்யா என்ற இரண்டு டாக்டர்கள் 1969-ல் இந்த வெட்டும் முறையைத் தொடங்கிவைத்தார்கள். அதற்கு முன் ஒரு சின்ன பாலிப்புக்கும் பல நேரம் வயிற்றைத் திறக்க வேண்டியிருந்தது.

இந்தக் கருவிக்கும் லண்டனுக்கும் ஒரு சொந்தம் உண்டு. 1954-ல் இம்பீரியல் கல்லூரியில் ஹரோல்ட் ஹாப்கின்ஸும், பஞ்சாபிலிருந்து படிக்க வந்த நரிந்தர் சிங் கபானியும், கண்ணாடி இழைகளைக் கட்டாகக் கட்டி, வளைத்தாலும் அதன் வழியே படத்தைக் கடத்தலாம் என்று காட்டினார்கள். அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் அமெரிக்காவில் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் 1957-ல் வளையும் எண்டோஸ்கோப்பைச் செய்து, முதலில் தன் தொண்டையிலேயே விட்டுப் பார்த்தார். இப்போது இழைக்குப் பதில் நுனியிலேயே ஒரு கேமரா சிப். நம்மில் பாதிப் பேர் இன்டர்நெட்டுக்காக நன்றி சொல்ல வேண்டிய ஆள் கபானி. குடலுக்காகவும் சொல்லலாம்.

எண் 120-லிருந்து 80-க்கு இறங்கினால் கூப்பிடப்படுகிறவர்கள் கூடுவார்கள். அவர்கள் போய் நிற்கும் அறை, அறிகுறியோடு ஜிபி அனுப்புகிறவர்கள் நிற்கும் அதே அறைதான். முன்பு பாலிப் எடுத்துவிட்டு மூன்று வருஷத்தில் மறுபடி வா என்று சொல்லப்பட்டவர்களும் அங்கேதான் வர வேண்டும். இங்கே பரிசோதனைக்கு ஆறு வாரத்துக்கு மேல் காத்திருப்பவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது என்எச்எஸ் விதி. பல வருஷமாக அது எட்டப்படவில்லை, எண்டோஸ்கோப்பிதான் அதில் மோசமான பகுதிகளில் ஒன்று. அறையும் ஆளும் கூடாமல் எண்ணை மட்டும் இறக்கினால், வரிசையின் முன்னால் இருப்பவரை நகர்த்திப் பின்னால் இருப்பவரை விடுவதாக ஆகிவிடும். 80-ஐ நான் வரவேற்கிறேன், தாமதம் என்றும் சொல்வேன். ஆனால் எம்பி-யிடம் கேட்க வேண்டிய கேள்வி "எப்போது 80?" என்பது மட்டும் இல்லை. "என் ஏரியா ஆஸ்பத்திரியில் எத்தனை அறை, வாரத்தில் எத்தனை நாள் ஓடுகிறது?" என்பதும்தான்.

என் துறைக்காரர்கள் உடனே ஏஐ என்பார்கள். ஆபீசில் இதைச் சொன்னபோது ஒருவர் அதைத்தான் சொன்னார். கொலோனோஸ்கோப்பித் திரையில் பாலிப் தெரிந்தால் பெட்டி கட்டிக் காட்டும் மென்பொருள் ஏற்கனவே புழக்கத்தில் இருக்கிறது, அதோடு பார்த்தால் டாக்டர்கள் கூடுதலாகக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் போலந்தில் நான்கு மையங்களில் செய்து 2025-ல் லான்செட் குழும இதழில் வந்த ஆய்வு என்னை யோசிக்க வைத்தது. ஏஐ வருவதற்கு முன் அந்த டாக்டர்கள் தாங்களாகச் செய்த கொலோனோஸ்கோப்பிகளில் 28.4 சதவீதத்தில், பின்னால் புற்றுநோயாகக்கூடிய வகைப் பாலிப்பைக் கண்டுபிடித்தார்கள். ஏஐ-யோடு சில மாதம் பழகிய பிறகு, அது இல்லாமல் செய்தவற்றில் 22.4 சதவீதம். காரணம் இதுதான் என்று ஒரு ஆய்வை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஜிபிஎஸ் வந்த பிறகு வழி மறந்த எனக்கும், கோடு எழுதித் தரும் உதவியாளன் வந்த பிறகு எளிய ஃபங்ஷனுக்கே கை தயங்கும் என் டீமுக்கும் அது ஆச்சரியமாக இல்லை. எப்படியானாலும் ஏஐ கண்ணுக்கு உதவும், அறையைக் கட்டாது. கூடுதலாகப் பாலிப் தெரிந்தால் வெட்டக் கூடுதல் நேரம்தான் ஆகும். விழுங்கும் கேமரா மாத்திரையும் அப்படியே. குடலைக் கழுவும் வேலை அதற்கும் உண்டு, பாலிப் தெரிந்தால் கடைசியில் குழாய்க்குத்தான் வர வேண்டும்.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன். அண்ணனோடு துணைக்குப் போனவன் நான்தான். மயக்கம் வருகிற மருந்து போட்டுக்கொண்டால் வீட்டுக்குக் கூட்டிப்போக ஒரு பெரியவர் வர வேண்டும், 24 மணி நேரம் கூட ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. அண்ணி கடையைப் பார்க்க வேண்டும், மகன்கள் வேறு ஊரில். அப்பாயின்ட்மென்ட்டைத் தள்ளிப் போடப் பார்த்தார். தனியாக ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் நம் பையன்கள், பெண்கள் எத்தனை பேர் இந்த ஒரு வரிக்காகவே ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பார்கள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். மயக்க மருந்து வேண்டாம், வாயுவை மூச்சில் இழுத்துக்கொண்டே செய்துகொள்கிறேன் என்றும் கேட்கலாம். சிறிது நேரத்தில் தானாகவே வீட்டுக்குப் போகலாம். இது பலருக்குத் தெரியாது.

ரெண்டு நாள் முன்பிருந்து நார்ச்சத்து இல்லாத சாப்பாடு. கீரை, பருப்பு, விதை, தோல் எதுவும் கூடாது. சிவப்பரிசி மாப் புட்டு கூடாது, வெள்ளைச் சோறு சாப்பிடலாம். "சோறு வேண்டாம் எண்டு பத்து வருஷமா நர்ஸ் பிள்ளை கத்தினது. இப்ப சோறு மட்டும் தின்னச் சொல்லுது" என்று அண்ணன் சிரித்தார். அவருக்குச் சர்க்கரையும் உண்டு. பிறகு அந்தப் பேதி மருந்து, லிட்டர் கணக்கில். கடல் தண்ணீரில் எலுமிச்சம்பழம் பிழிந்தது மாதிரி. கஷ்டமெல்லாம் அந்த இரவுதான். மறுநாள் உள்ளே முக்கால் மணி நேரம், வெளியே வந்து டீயும் பிஸ்கட்டும். அவர் நெஞ்சில் வைத்திருந்த பயம் வலியைப் பற்றியது இல்லை. "பின்பக்கத்தால விடுவினம் எண்டு நினைக்கவே வெக்கமாக் கிடந்தது, தம்பி" என்றார். உள்ளே போனதும் பின்பக்கம் மட்டும் திறக்கிற காகித நிக்கர் ஒன்று கொடுத்தார்களாம். அதைப் பற்றி மட்டும் பத்து நிமிஷம் பேசினார். குடல் ஓட்டையாவது, ரத்தம் கசிவது போன்ற ஆபத்துகள் அரிதாக உண்டு, கையெழுத்து வாங்கும் முன் அதையும் சொன்னார்கள்.

வெட்கத்துக்குப் பக்கத்திலேயே இருப்பது நம் வைத்தியம். ரத்தம் என்றால் மூலம், மூலம் என்றால் சூடு, சூடு என்றால் மோரும் வெந்தயமும். மதுரையில் என் அப்பா சொன்னதும் இதுதான், யாழ்ப்பாணத்தில் அண்ணனின் அம்மா சொன்னதும் இதுதான். பெரும்பாலும் அது மூலமாகத்தான் இருக்கும், அதுதான் சிக்கலே. பத்துத் தடவை சரியாக இருந்த ஊகத்தைப் பதினோராவது தடவை சந்தேகப்பட யாருக்கும் தோன்றாது. இங்கிலாந்தில் முதல் கட்டத்தில் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் ஐந்து வருஷத்தைத் தாண்டுகிறார்கள். நான்காம் கட்டத்தில் பத்துக்கு ஒருவர்தான். நடுவில் இருப்பது, மோர் குடித்துப் பார்க்கும் மாதங்கள்.

இன்னொன்று, "ஊருக்குப் போறப்ப பாத்துக்கலாம்." சென்னையில் பணம் கட்டினால் சில நாளில் கொலோனோஸ்கோப்பி முடிந்துவிடும், உண்மை. நானே அப்பாவுக்கு அப்படித்தான் செய்தேன். ஆனால் டிசம்பர் டிக்கெட்டுக்காக ஜூலையில் வந்த ரத்தத்தை ஒத்திவைப்பதை என்னால் நியாயப்படுத்த முடியாது. அங்கே பாலிப் எடுத்தால் திசுப் பரிசோதனை முடிவு வருவதற்குள் பலர் ஃப்ளைட் ஏறிவிடுகிறார்கள். அந்த ரிப்போர்ட் இங்குள்ள ஜிபி கைக்கு வராவிட்டால், அடுத்து எப்போது பார்க்க வேண்டும் என்பது ரெண்டு நாட்டுக்கும் நடுவில் தொலைந்துபோகும். அங்கே செய்தால் செய்யுங்கள், காகிதத்தைக் கையோடு கொண்டுவாருங்கள்.

டப்பா விஷயத்தில் சில நடைமுறைகள். இங்கிலாந்தில் 50 முதல் 74 வயது வரை, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, ஜிபி-யிடம் பதிந்திருக்கும் முகவரிக்கு அது தானாக வரும். வீடு மாறிக்கொண்டே இருக்கும் நாம் ஜிபி-யிடம் முகவரியை மாற்றாவிட்டால் அது பழைய வீட்டுக்காரரின் குப்பைத்தொட்டிக்குத்தான் போகும். 75-க்கு மேல் தானாக வராது, ஆனால் போன் செய்து கேட்டால் அனுப்புவார்கள். உங்களோடு இருக்கும் அப்பா அம்மா இங்கே ஜிபி-யிடம் பதிந்திருந்தால் அவர்களுக்கும் இது பொருந்தும்.

ஐம்பதுக்குக் கீழே இருக்கும் என் வயதுக்காரர்களுக்கு டப்பாவே வராது. அமெரிக்கா 2021-ல் தொடங்கும் வயதை 45-க்கு இறக்கியது. 50 நாடுகளின் கணக்கை வைத்து 2024 கடைசியில் வந்த ஆய்வில், 25 முதல் 49 வயதுக்குள் இந்தப் புற்றுநோய் 27 நாடுகளில் கூடிவருவது தெரிந்தது. வேகமாகக் கூடும் இடங்களில் இங்கிலாந்தும் ஒன்று, வருஷத்துக்கு 3.6 சதவீதம் போல. மொத்த எண்ணிக்கை இன்னும் குறைவுதான், பயப்பட வேண்டியதில்லை. ஆனால் முப்பத்தாறு வயதில் ரத்தம் போனால் நமக்குக் கடிதம் வராது, நாமே போய்ச் சொல்ல வேண்டும். ஜிபி கையில் இருக்கும் எண் 10. அந்த வாசல் ஐம்பதுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் உண்டு.

கடைசியாக என் ஒரு கோரிக்கை, அதிகாரிகள் தமிழ் படிப்பார்கள் என்ற நம்பிக்கையில் இல்லை, நம்மில் சிலர் என்எச்எஸ்-க்கு உள்ளேயே வேலை செய்கிறார்கள் என்பதால். கடிதத்தில் எண்ணைப் போடுங்கள். 2 வந்தவருக்கும் 110 வந்தவருக்கும் இன்று ஒரே கடிதம் போகிறது. எண்ணைப் பார்த்தால் ஜனங்கள் பயந்துவிடுவார்கள் என்று சொல்லலாம். சர்க்கரை அளவு, கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம் எல்லாம் எண்ணாகத்தான் நம் கைக்கு வருகிறது, அதை வைத்துக்கொண்டுதான் நாலு பேர் கோயில் வாசலில் நின்று பேசிக்கொள்கிறோம். 110 என்று ஒரு எண் அந்தத் தாளில் இருந்திருந்தால், அலர்ட் எண்களோடு பகலெல்லாம் குப்பை கொட்டும் நான் கூடையைக் கீழே வைத்துவிட்டு அடுத்த வரியைப் படித்திருப்பேன் என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அண்ணிக்கு வயது 57. அவர் பெயருக்கு வந்த டப்பா கடையில் வாட் வரிக் காகிதங்களுக்குப் பின்னால், பிரிக்காமலே கிடந்தது. அண்ணன்தான் தேடி எடுத்துக் கொடுத்திருக்கிறார். போன செவ்வாய்க்கிழமை தபாலில் போட்டாயிற்று. பதில் இன்னும் வரவில்லை.